முதல் மடலைப் போட்டவர் யார்?

1991 தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வாழ்த்து மடல்கள் நூற்றுப்பன்னிரண்டு. விசாலாட்சியைக் கேட்டால் நாற்பது என்பாள். கண்ணாடி போடாமல் எண்ணியவளுடைய கணக்கை நான் ஏற்பதில்லை.

நான் அனுப்பியவை அதைவிடக் கூட. முந்திய வருடங்களில் எல்லா உறைகளுக்கும் நானே முகவரி எழுதி, நானே முத்திரையை நக்கி ஒட்டி, கடைசியில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தேன். அந்த மூன்று நாளுக்குள் அயல்வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டு வந்தார். மறுக்க வாய் எழவில்லை, தலையை ஆட்டினேன். ஏணி இன்றுவரை திரும்பவில்லை.

அதனால்தான் அந்த வருடம் வேலையை மர்ஸூக்கிடம் விட்டேன். பதுளைக் கடைத்தெருவில் அவருடைய புத்தகக் கடை. மடல்களை அங்கேயே வாங்கி, அங்கேயே கையெழுத்தைப் போட்டு, முகவரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். மர்ஸூக் உறைகளில் மூன்று மொழியிலும் முத்து முத்தாக எழுதி, பின்பக்கத்தில் அனுப்புநரின் பெயரையும் போட்டு, தபாலில் சேர்த்துவிடுவார். அவருடைய எழுத்து கலைந்துவிடுமே என்று உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களும் உண்டு என்பது என் ஆய்வு.

அந்தப் பொங்கலுக்கு வந்த குவியலில் ஒரு மடல். பானை, கரும்பு, இரண்டு மாடு. அச்சுப் பிழையால் ஒரு மாட்டுக்கு மூன்று கொம்பு. உள்ளே, 'அன்புடன் அழகுமலை, ரெங்கம்மா, பிள்ளைகள்' என்று இருந்தது. அழகுமலையின் 'ழ'வுக்கு ஒரு வால். கீழே இறங்கி, வளைந்து, அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வால். உறையின் பின்னால் 'நெட்டிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, பண்டாரவளை' என்று முகவரி.

அழகுமலை யார்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் விசாலாட்சியின் தமையன் பண்டாரவளையில் வாத்தியாராக இருந்தவர். அந்த வழியில் யாரோ என்று நினைத்தேன். அவளுடைய பக்கத்து ஆட்களுக்குப் பதில் போகப் பிந்தினால் வீட்டில் சோறு பிந்தும். அன்றைக்கே பதில் போட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக: 'தயானிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது.' சின்னப் பிள்ளையின் பல் விழுந்ததைச் சொல்கிறவருக்குச் சும்மா 'நன்றி' என்று எழுத முடியுமா? எங்கள் மாதுளை முதல் தடவையாகக் காய்த்ததை எழுதினேன். இருபத்தேழு காய் என்று எழுதினேன். மூன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு பொங்கலும் தவறவில்லை. அவர்களுடைய பசு கன்று போட்டது. எங்கள் கிணறு இடிந்தது. அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக் கூரைக்கு, புதுத் தகரம் போட்டார்கள். பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து நான் பென்சனில் வந்தேன். தயானி ஏ.எல். பரீட்சையில் பாஸ்.

மற்றவர்களுடைய மடல்கள்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் தொலைபேசி வந்தது. பிறகு கைபேசி வந்தது. கனடாவிலிருக்கும் என் மருமகன் ரமணன் கணினிக்குள் ஒரு வாழ்த்து அனுப்பினான். அதைப் பார்க்கப் பதுளையில் ஒரு கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். திரையில் பானை பொங்கியது, பாட்டு வந்தது, கரண்ட் போனது. 2006 பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்த மடல் ஒன்றே ஒன்று. அழகுமலையுடையது. இதில் மட்டும் எனக்கும் விசாலாட்சிக்கும் கணக்கு ஒத்துப்போனது.

அந்த வருடம் ஆடியில் அதே 'ழ'வின் வாலோடு ஒரு கடிதம் வந்தது. பொங்கலில்லாத மாதத்தில் வந்ததால் கொஞ்சம் பயந்துதான் பிரித்தேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு. மகள் தயானிக்கு ஆவணி மாதம் மூன்றாம் ஞாயிறு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருமணம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை சுபாஸ், மொனராகலை. மாப்பிள்ளையின் பெரியப்பா சன்னாசி என்பவர்தான் அந்த வீட்டில் எல்லாம். இவர்களுக்கு லயத்தைத் தாண்டி ஒரு மனிதரையும் தெரியாது, நாளைக்கு ஒன்றென்றால் யார் வருவார்கள் என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். பதுளையில் கச்சேரி ஐயா குடும்பம் எங்களுக்குப் பதினாறு வருடப் பழக்கம் என்று சொன்னேன். அப்படியானால் அவரே வந்து தாலி எடுத்துக் கொடுக்கட்டும் என்று சொல்லித்தான் சம்மதித்தார். நீங்கள் வராவிட்டால் என் பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடும். கட்டாயம் வரவேணும்.'

வாசித்து முடித்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு விசாலாட்சியிடம் நீட்டினேன்.

"பாரும், உம்மட ஆக்களுக்கு என்னிலை எவ்வளவு மரியாதை."

"என்ர ஆக்களோ? உங்கட கச்சேரிக் கந்தோர் ஆக்களெல்லோ?"

"என்ர கந்தோரோ? உம்மட தமையன்ர பழக்கமெல்லே இவை?"

"அண்ணை பண்டாரவளையிலை ஆறு மாசம்தான் இருந்தவர். அங்கை அவருக்குக் குளிரை மட்டும்தான் தெரியும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக நான் அவளுக்காகப் பதில் எழுதியிருக்கிறேன். அவளோ, நான் எனக்காக எழுதுகிறேன் என்று முத்திரை எடுத்துத் தந்திருக்கிறாள்.

"அப்ப இவை ஆரப்பா?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் யோசித்தேன். கச்சேரியில் எனக்கு முன்னால் வந்து நின்ற முகங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். வரிசை பதுளையில் தொடங்கி மொனராகலை தாண்டிப் போயிற்று. ஒருவரும் அழகுமலை என்று கைதூக்கவில்லை. மூன்றாம் நாள் மர்ஸூக்கின் நினைவு வந்தது. அந்த முதல் மடலின் உறை அவருடைய எழுத்து.

மர்ஸூக்கின் கடை முகப்பில் இப்போது கைபேசி உறைகள்தான் மாலை மாலையாகத் தொங்குகின்றன. வாழ்த்து மடல்கள் பின்தட்டில், எலி நறுக்கிய ஓரங்களோடு கிடந்தன.

"மர்ஸூக், நெட்டிமலை அழகுமலை ஆர்?"

"கங்காணி தானே சேர். தேயில மலையில வேல பாக்கறவங்களுக்கு மேல நிக்கிற ஆளு. இந்தியாவுக்குப் போன சொந்தக்காரருக்கெல்லாம் வாழ்த்துக் காட் அனுப்ப என்கிட்டப் பட்டியல் தந்தார், ஒரே ஒரு வருசம். நீங்க தந்த அதே வருசம்." சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று தாடியைத் தடவினார். "சேர், ஒரு விசயம் ஈக்கு. கோவப்படக் கூடாது."

"சொல்லும்."

"நீங்க ரெண்டு பேரும் பட்டியலுக்கு மேல சொந்த விலாசத்தையும் எழுதித் தந்தீங்க. நான் அவசரத்தில அதையும் ஒரு ஆள்னு நெனச்சி உறை எழுதிட்டேன். முத்திரையும் ஒட்டியாச்சு. பொறகுதான் பாத்தேன். தனக்குத்தானே வாழ்த்து அனுப்பற மனுசன் துனியாவில ஈப்பானா? ரெண்டு பேருட வாழ்த்துக் காட்லயும் மிச்சம் ஈந்திச்சு. அதால ஒங்கட உறையில அவருட காட்ட வெச்சேன். அவருட உறையில ஒங்கட காட்ட வெச்சேன். முத்திரை வீணாப் போகப்படாதே."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் பிழை என்னுடையதுதான். முப்பத்திரண்டு வருடக் கந்தோர் வாழ்க்கையில் வலது மேல்மூலையில் என் முகவரி இல்லாமல் நான் ஒரு கடதாசியையும் தொடங்கியதில்லை. கத்தரிக்காய், கரட், லீக்ஸ் என்று சந்தைக்குத் துண்டு எழுதினாலும் மேலே வீட்டு விலாசம் இருக்கும். கங்காணியும் அப்படித்தான் போலும். தோட்டத்தில் எந்த மனுவிலும் பெயர், பிரிவு, தோட்டம் முதலில் வரவேண்டும்.

"பதினாறு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லியே சேர்."

வீட்டுக்கு வந்து விசாலாட்சியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"மர்ஸூக் உங்களிட்டைக் கதையளக்கப் பழகிட்டார். அவர் சொல்லுறது சரியெண்டால் அவைக்கும் எங்களைத் தெரியாது. தெரியாத ஆக்களைத் தாலி எடுத்துக் குடுக்கக் கூப்பிடுவினமோ?"

நியாயமான கேள்வி. "அப்ப போகாமல் விடுவமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"போகாமலோ?" அவள் என்னை முறைத்தாள். "பல் விழுந்த நாளிலையிருந்து தெரிஞ்ச பிள்ளை. எங்களாலை அவளின்ர கல்யாணம் நிக்கிறதோ?"

ஆவணி மூன்றாம் ஞாயிறு விடிய பஸ் ஏறினோம். விசாலாட்சி மடல்களையெல்லாம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பண்டாரவளை வரைக்கும் என்னிடம் பாடம் கேட்டாள். பசுவின் பெயர் என்ன, தகரம் போட்டது எந்த வருடம் என்றெல்லாம். பண்டாரவளையிலிருந்து ஓட்டோவில் மலைக்கு ஏறினோம். நூற்றெழுபது வளைவு. நூற்றெழுபதிலும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"முகம் தெரியாதே, ஆளை எப்பிடிப் பிடிக்கிறது?"

"கும்பிட்டுச் சிரிச்சுக்கொண்டு நிப்பம். ஓடி வாற ஆள்தான் அழகுமலை."

கோயில் வாசலில் ஒரு பலகை. வெண்கட்டியால் 'அழகுமலை - ரெங்கம்மா இல்லத் திருமணம். நல்வரவு' என்று எழுதியிருந்தது. 'ழ'வின் வால் கீழே இறங்கி நல்வரவை எட்டிப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அந்த 'ழ'தான். அதைக் கண்டதும் துணிச்சல் வந்துவிட்டது. பலகைக்குப் பக்கத்தில் பட்டுச் சால்வையும் பெரிய மீசையுமாக ஒருவர், வீட்டுக்காரருக்கு உரிய மிடுக்கோடு நின்றார். நேரே போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

"அழகுமலை! எப்பிடிச் சுகம்? எவ்வளவு காலமாச்சு!"

அவர் தூண் மாதிரி நின்றார். அதே நேரம் மெலிந்த ஒரு மனிதர் மாலையோடு என்னைத் தாண்டி ஓடினார். எங்களுக்குப் பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்த வேட்டிக்காரர் ஒருவரின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

"ஐயா, வந்துட்டீங்களா! கும்புடுறேங்க! ரெங்கம்மா, இங்க வா, பதுளை ஐயா வந்துட்டாக!"

"நான் பதுளை இல்லையே," என்றார் குடைக்காரர். "மாப்பிள்ளைக்குப் படிப்பிச்ச வாத்தியார். இளையதம்பி."

மேளக்காரர் நிறுத்திவிட்டார். நான் கட்டிப்பிடித்திருந்த மீசைக்காரர் என் கைகளை மெதுவாகக் கழற்றினார்.

"நான் சன்னாசி. மாப்பிள்ளையோட பெரியப்பா," என்றார். பிறகு மெலிந்தவரைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, பதினாறு வருசப் பழக்கம்னீங்க. இவரு என்னையக் கட்டிப் புடிக்கிறாரு. நீங்க வாத்தியாருக்கு மாலை போடுறீங்க. யாருக்கு யாருங்க பழக்கம்?"

அழகுமலை என்னைப் பார்த்தார். நான் அழகுமலையைப் பார்த்தேன். முதல் தடவையாக. என் மனதுக்குள் ஆயிரம் பொய்கள் வரிசை கட்டி நின்றன. நல்லதாக ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

"நாங்கள் முதல்முதல் ரயிலிலை சந்திச்சனாங்கள்!" என்றேன்.

"கதிர்காமத்துலங்க!" என்றார் அழகுமலை, அதே நொடியில்.

"கதிர்காமத்துக்கு ஏதுங்க ரயிலு?" என்றார் சன்னாசி.

யாரோ சிரித்தார்கள். பெண் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மணவறையில் தயானி தலையைக் குனிந்துகொண்டாள். சன்னாசி சால்வையை உதறித் தோளில் போட்டார்; புறப்படப் போகிறவர் போடுகிற மாதிரி.

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். யாருமில்லைனா யாருமில்லைன்னு சொல்லியிருக்கலாம். வாடகைக்கு ஆள் புடிச்சாந்து நிறுத்தணுமா?"

"வாடகைக்கு ஆளோ?" என்றாள் விசாலாட்சி.

அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டது ஏணி போன நாளில்தான். கைப்பையைத் திறந்தாள். மடல்களை வெளியே எடுத்து, மூன்று கொம்பு மாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்ததை உரக்க வாசித்தாள்.

"இது தொண்ணூற்றிரண்டு. 'தயானிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது.' இது தொண்ணூற்றைஞ்சு. 'எங்கள் செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டுள்ளது.' இது தொண்ணூற்றெட்டு. 'புதுத் தகரம் போட்டார்கள். மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை.' வாடகைக்கு வந்த ஆக்களிட்டை இதெல்லாம் இருக்குமோ?"

தயானி நிமிர்ந்து பார்த்தாள். கை தானாகப் போய் வாயைப் பொத்தியது. கூட்டத்திலிருந்து ரெங்கம்மா லயத்துப் பக்கம் ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், கையில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு கட்டு. என் மடல்கள்.

"இதையும் பாருங்க சம்பந்தி. மாதுளை இருபத்தேழு காச்சுது. அவுக கெணறு இடிஞ்சுது, இருநூறு அடி ஆழமாம். கச்சேரியில இவுகளுக்குப் பிரியாவிடை குடுத்தாக, பதுளையே அழுதுச்சாம்."

கிணறு பதினெட்டு அடி. விசாலாட்சி என் பக்கம் திரும்பினாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

சன்னாசி இரண்டு கட்டுகளையும் வாங்கி, ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று மாறி மாறி வாசிக்கத் தொடங்கினார். அவசரமில்லாமல் வாசித்தார். ஐயர் ஒருமுறை இருமினார். சன்னாசியின் மீசைக்குள் ஒரு சிரிப்பு அசைந்தது. கிணற்றின் ஆழத்தை வாசித்திருக்கலாம்.

"நெசத்தச் சொல்லுங்க," என்றார் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் எப்பப் பாத்துக்கிட்டீங்க?"

அழகுமலை கையைக் கட்டிக்கொண்டார். "இப்பத்தாங்க."

"இதுக்கு முன்னாடி?"

"இல்லைங்க."

"ஒரு தடவகூட?"

"இல்லைங்க."

"பொறகு எதுக்குய்யா வருசா வருசம் எழுதுனீங்க?"

"அவுக எழுதுறாகளே. நாம நிறுத்துனா நல்லா இருக்குமாங்க?"

சன்னாசி என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குங்க எழுதுனீங்க?"

"அவர் எழுதுறாரே!" என்றேன். வாழ்க்கையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே பதில் அது.

சன்னாசி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியங்களைப் பார்ப்பதா, பெரியவர்களைப் பார்ப்பதா என்று அவருடைய முகத்துக்கே விளங்கவில்லை. மடல்களை ஒழுங்காக அடுக்கி நூலைச் சுற்றினார்.

"என் கூடப் பொறந்த தம்பி பசறையில இருக்கான். பண்டிகைக்கு ஒரு வரி போட்டதில்ல. நானும் போட்டதில்ல," என்றார் பொதுவாக யாருக்கோ. பிறகு எழுந்து ஐயரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "என்ன சாமி வேடிக்க பாக்குறீங்க? முகூர்த்தம் போகுதுல்ல? மேளம்! ஐயா, நீங்க வாங்க. தாலிய எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை யார் என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சாப்பாடு பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற மண்டபத்தில். சுவர் முழுக்க யானையும் முயலும். என்னையும் அழகுமலையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பதினாறு வருடப் பழக்கம். கொட்டித் தீர்க்க எவ்வளவு இருக்கும் என்று எல்லோரும் எங்கள் வாயைப் பார்த்தார்கள்.

"மழை எப்பிடி?" என்றேன்.

"பரவாயில்லைங்க."

வடை வந்தது. அதைத் தின்று முடித்தோம்.

"பதுளைப் பக்கம் மழைங்களா?"

"பரவாயில்லை."

பாயசம் வந்ததும் தாங்க முடியாமல் மர்ஸூக்கின் கதையைச் சொன்னேன். அழகுமலை தலையைச் சொறிந்தார்.

"நீங்கதான் மொதல்ல போட்டீங்கன்னு இவ்வளவு நாளா நெனச்சோம்ங்க. ரெங்கம்மா, அவ சித்தப்பா வழியில யாரோ ஆபீஸர்னு சொல்லுவா. நான் கோயில் திருவிழாவில பாத்த ஆளுன்னு சொல்லுவேன். அதுல எங்களுக்குள்ள சண்டையே வந்துருக்குங்க." கொஞ்சம் யோசித்தார். "இந்தியாவுக்குப் போனவுகெல்லாம் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாக. கடைசியா நீங்க மட்டுந்தான். யாருன்னு கேட்டா நீங்களும் நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு கேக்கலீங்க."

புறப்படும்போது அவர் தன் புதுக் கைபேசியின் இலக்கத்தைத் தந்தார். நானும் என் வீட்டு இலக்கத்தைக் கொடுத்தேன். இன்றுவரை அவர் அழைப்பு எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் மழையைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

2007 பொங்கலுக்கு அந்த 'ழ'வின் வால் வழக்கம்போல வந்து சேர்ந்தது.

'அன்புள்ள ஐயா, அம்மா. உங்களை நேரில் கண்டதில் மிக்க மகிழ்ச்சி. தயானியும் மாப்பிள்ளையும் நலம். சன்னாசி சம்பந்தி பசறைத் தம்பிக்கு ஒரு மடல் போட்டாராம், பதிலுக்குக் காத்திருக்கிறார். மர்ஸூக் சொன்னதை ரெங்கம்மா நம்பவில்லை. சித்தப்பா வழிதான் என்று நிற்கிறாள். நீங்கள் யாரென்று தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.'

விசாலாட்சி கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"நான் சொன்னனானெல்லே? இவை உங்கட கந்தோர் ஆக்கள்தான். நீங்கள்தான் மறந்திட்டியள்," என்று சொல்லிவிட்டு முத்திரை எடுக்கப் போனாள்.

பேனாவை எடுத்தேன். இந்த வருடம் மாதுளை நாற்பத்தொன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'நாங்களும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று எழுதினேன்.